பெயர் அச்சடிக்காத பை

போன வாரம் மகள், ஆபீசில் கொடுத்த தீபாவளிப் பரிசைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். வேர்மண்ணைக் கோணித் துணியில் பொதிந்து சணலால் கட்டிய ஒரு செடி. ஈரக் கோணியின் வாடை தெரியுமில்லையா, மழையில் ஒழுகிய மளிகைக்கடைப் பின்கட்டு மாதிரி? அது மூக்கில் ஏறியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. "எடுத்துப் பால்கனியில வைம்மா" என்றேன். "ஒரு பிளாஸ்டிக் கவர் கொண்டுவந்தா வீட்டையே ரெண்டாக்குவீங்க. இன்னைக்கு என்னப்பா ஆச்சு?" என்று சிரித்தாள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பேங்குகள் சரிந்து, அந்தச் சரிவு ஓசூர் வரைக்கும் வந்து சேர்ந்த வருஷம் அது. மனைவியையும் நாலு வயசு மகளையும் விருதுநகர்ப் பக்கத்து ஊரிலேயே விட்டுவிட்டுப் போய், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருந்தேன். கேன்டீன் டோக்கன், யூனிஃபார்ம் அளவு, பஸ் ரூட் சண்டை எல்லாம் என் தலையில். தீபாவளிப் பரிசும் என் தலையில்தான்.

விருதுநகர்க்காரனுக்கு வெடி என்ன புதுசா? எனக்கு ஓசூர்த் தீபாவளி என்றால் பஸ் ஸ்டாண்டுதான். முந்தின நாள் சாயங்காலம் சேலம் பஸ், திருவண்ணாமலை பஸ் எதில் ஏறினாலும் ஆள் மடியில் ஒரு பளபளப்பான அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே ஒரு கிலோ ஸ்வீட், கொஞ்சம் காரம், ஒரு பாத்திரம். மூடிமேல் கம்பெனியின் பெயர் சிவப்பில், குருடனுக்கும் தெரிகிற அளவில். அந்தப் பெயர் வெளியே தெரிகிற மாதிரிதான் எல்லாரும் பிடித்திருப்பார்கள். கண்டக்டர்கூட "ஓ, அந்தக் கம்பெனியா? போன வருஷம் ஹாட்பாக்ஸ் குடுத்தாங்களே" என்பார். என் அம்மா என் முதல் வருஷப் பெட்டியில் ரேஷன் கார்டைப் போட்டு வைத்தாள். கார்டை எடுக்கிற சாக்கில் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பெட்டியையும் காட்டலாம் அல்லவா? இதெல்லாம் தெரிந்திருந்தும்தான் நான் அதைச் செய்தேன்.

முந்தைய தீபாவளி முடிந்த வாரம் கம்பெனிக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் பார்த்த காட்சி என் மனதில் கிடந்தது. தெர்மோகோல், ஜிகினாத் தாள், ரிப்பன் எல்லாம் ஏரியை நோக்கி மிதந்துபோயின. ஒரு மாட்டின் வாயிலிருந்து தங்கநிற ரிப்பன் முழ நீளத்துக்குத் தொங்கியது. அதை இழுத்துவிடப் போய் முட்டு வாங்கியது தனிக்கதை. அந்த மாட்டை நினைத்துத்தான் 'இந்த வருஷம் மண்ணுக்குக் கேடில்லாத பரிசு' என்று ஒன்றரைப் பக்கம் ஓட்டை இங்கிலீஷில் எழுதி மேனேஜரிடம் நீட்டினேன்.

மாட்டை மட்டும்தானா நினைத்தேன்? பொய் சொல்லக்கூடாது. மூன்று ஷிஃப்ட் ஒன்றாகிவிட்டது. ஆபீசிலும் ஆள் குறைப்பார்கள் என்று பேச்சு. என்னையும் ஒரு ஆளாக மதித்து வைத்துக்கொள்ள மாட்டார்களா என்கிற தவிப்பு எனக்கு. மேனேஜருக்குச் செலவு மிச்சம், எனக்கு நல்ல பெயர். "குட் திங்கிங்" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டலை ரூமுக்குப் போய் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன், வெட்கங்கெட்டவன்.

ஆக, பெட்டி கிடையாது. ஒரு புங்கங்கன்று, வேர்மண் கோணித் துணியில். ஒரு காடாத் துணிப்பை, அதில் கால் கிலோ கம்பு லட்டு. பையில் கம்பெனியின் பெயரைப் போடலாமா என்று பை தைப்பவர் கேட்டார். சாயம் எல்லாம் ஏரிக்குத்தானே போகும், வேண்டாம் என்றேன். அது முழுக்க முழுக்க என் சொந்த மூளை. போன வருஷத்தில் மிஞ்சி ஸ்டோரில் கிடந்த காலிப் பெட்டிகளையும் மறுசுழற்சிக்கு என்று பழைய பேப்பர்க்காரரிடம் ஏற்றிவிட்டேன்.

கொடுக்கிற அன்று கியூ நகரவே இல்லை. "சார், நான் இருக்கறது ஒத்த ரூமு. இத பாத்ரூம்லயா நடறது?" என்றார் ஒருவர். பக்கத்துக் கெலமங்கலத்துக்காரர் ஒருவர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, கியூவே சிரித்தது. நானும் புரிந்த மாதிரி சிரித்துவைத்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு தேவராஜ் என் மேசைக்கு வந்தான். கிருஷ்ணகிரி தாண்டி மத்தூர்ப் பக்கத்து ஆள், டிரில்லிங் லைனில் கான்ட்ராக்ட், என் வயதுதான். ஐந்து மாதத்துக்கு முன் அவனுக்குக் குழந்தை பிறந்த செய்தி என் மேசை போனுக்குத்தான் வந்தது. "பொண்ணு சார்" என்று ரிசீவரை வைக்கக்கூட மறந்து நின்றவன். பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி இன்னும் திரும்பவில்லை.

"சார், பழைய பெட்டி ஏதாச்சும் இருக்குதா? காலிப் பெட்டி போதும்."

"காலிப் பெட்டி எதுக்குப்பா?"

"டி.வி.ல கம்பெனிங்கள மூடறாங்கன்னு பாத்துட்டு, எங்க மாமனாரு பொண்ண அனுப்ப மாட்டேங்கறாரு சார். உனக்கே வேல இருக்குதோ இல்லியோ, எம்பொண்ணு புள்ளய வச்சிக்கினு தெருவுல நிக்கறதான்னு கேக்கறாரு. தீபாளிக்குப் பெட்டியோட வரேன், அப்ப அனுப்புங்கன்னு சொல்லிக்கினு வந்துட்டேன். பெட்டில கம்பெனி பேரு இருக்கும்ல."

பழைய பேப்பர்க்காரருக்கு உடனே போன் போட்டேன். "அது நேத்தே லோடு ஏறிடுச்சு சார்" என்றார். வேறு யாரிடமாவது இருக்குமா என்று செக்யூரிட்டி ரூம், கேன்டீன் ஸ்டோர், டிரைவர் ஷெட் எல்லாம் இரண்டு பேரும் ஓடித் தேடினோம். அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருந்தேன் நான், ஒரு மூடிகூட மிச்சமில்லை.

மூச்சு வாங்க மேசைக்குத் திரும்பியதும் அவன் மெதுவாகக் கேட்டான். "அப்ப ஒரு லெட்டர் குடுங்க சார். தேவராஜ் இங்க வேல செய்யறான்னு ஒரே ஒரு வரி. சீல் வச்சு."

லெட்டர்ஹெட் என் இரண்டாவது டிராயரில் இருந்தது. சீலும் அதற்குள்தான். கூடவே காலையில் நானே டைப் அடித்த ஒரு பட்டியலும் இருந்தது. தீபாவளிக்குப் பிறகு வர வேண்டாதவர்களின் பட்டியல். அதில் தேவராஜ் பெயர் இருந்தது. லீவு முடிந்துதான் சொல்ல வேண்டும், பண்டிகை நேரத்தில் மனம் கஷ்டப்படும் என்று மேனேஜர் உத்தரவு.

ஒரு வரி. அடித்துச் சீல் குத்த இரண்டு நிமிஷம் ஆகுமா? அந்தக் கடிதம் எப்படியாவது மேனேஜர் கைக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று மட்டும்தான் என் புத்தி ஓடியது. "கான்ட்ராக்ட் ஆளுங்களுக்குக் கொடுக்க முடியாதுப்பா" என்றேன். என் வேலையும் போய்விடுமோ என்ற பயம்.

"இல்ல சார், தீபாளி வரிக்கும்தான்... அப்பறம் கிழிச்சுப் போட்டுடறேன்."

"முடியாது தேவராஜ்."

"சரிங்க சார்" என்றான். கன்றைக் கீழே வைத்திருந்தான். அதை எடுத்துக்கொண்டு போனான். யோசிக்கிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். மாட்டை யோசித்தேன், ஏரியை யோசித்தேன், சாயத்தைக்கூட யோசித்தேன். பையை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவனை யோசிக்கவில்லை.

லீவு முடிந்து கேட்டில் பட்டியல் ஒட்டினோம். மறுநாள் ஐ.டி. கார்டை ஒப்படைக்க வந்தான். கையெழுத்துப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊர்ல போய்ப் பாத்தியா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"போனேன் சார். மாமனாரு செடிய வாங்கிக்கினு, தீபாளிக்கு ஒரு கம்பெனியில இதயா குடுத்து அனுப்புவாங்கன்னு கேட்டாரு. எந்தக் கம்பெனின்னு பைய திருப்பித் திருப்பிப் பாத்தாரு."

"பாப்பா?"

"வாசல்ல இருந்தே பாத்தேன். தூக்கறதுக்குக் குடுக்கல."

அடுத்த மார்ச்சில் என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே மேனேஜர், அதே முதுகுத் தட்டல். அந்த ஒரு வரியை அடிக்காமல் நான் காப்பாற்றிக்கொண்ட வேலை ஐந்து மாதம்கூட நிற்கவில்லை. அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை. ஷெட்டைப் பார்சல் கிடங்காக்கிவிட்டார்கள், கேட் இருந்த இடத்தில் சர்வீஸ் ரோடு. பல வருஷம் கழித்து, தேவராஜின் நம்பரைப் பழைய டைரியிலிருந்து தேடி எடுத்து அழைத்தேன். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஒரு பதிவுக் குரல் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. மத்தூர்ப் பக்கம் போய் விசாரிக்கலாம் என்று கிருஷ்ணகிரி வரைக்கும் இரண்டு தடவை போயிருக்கிறேன். அதற்கு மேல் போகவில்லை. தேவராஜின் பெண் இப்போது ப்ளஸ் டூ முடித்திருப்பாள். யாரிடம் வளர்ந்தாளோ, அப்பா என்று அவனைக் கூப்பிட்டிருக்கிறாளோ என்னவோ. அவள் பேரைச் சொல்லி விசாரிக்கலாம் என்றால், அன்றைக்கு நான் அவனிடம் அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை.