டீலியாவின் விக்கல்

டீலியாவுக்குச் சிரிப்பு வந்தால் போதும், பின்னாலேயே விக்கலும் வந்துவிடும். கிளேர் மாவட்டத்தின் அந்த மலையடிவாரத்தில் இது தெரியாதவர் இல்லை. ஐந்து பசு, ஒரு கணவன், ஒரு ஃபிடில், இவ்வளவுதான் அவள் குடும்பம். ஒரு நாள் பால் கறக்கும்போது, வாளியில் பால் விழுந்த தாளத்துக்கு ரீல் என்னும் துள்ளாட்டத்துக்கான ஒரு மெட்டு அவளுக்குள் குதித்தது. கேட்டவர் கால் சும்மா இருக்காது, அப்படி ஒரு மெட்டு. பசுவைப் பாதியில் விட்டுவிட்டு ஃபிடிலை எடுக்க ஓடினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அடுப்படியில் நடந்த ஆட்டத்தில் அதை அரங்கேற்றினாள். ஆடிக்கொண்டிருந்த கணவன் ஃபின்டன் கால் தடுக்கி மாவுப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டான். டீலியா சிரித்தாள், விக்கினாள். இரண்டாம் பகுதியில் வில் துள்ளி ஒரு சுரம் காணாமல் போனது. மூன்று சுற்று வாசித்தாள். மூன்றிலும் பாழாய்ப்போன விக்கல் அதே இடத்தில். மூலையில் இருந்த குழல்காரன் ஜேம்ஸி அப்படியே காதில் வாங்கிக்கொண்டு சைக்கிள் ஏறிப் போனான்.

மூன்று வருஷம் கழித்து, கோடை விழாப் போட்டியில் டீலியா அதே மெட்டை ஒரு சுரம் குறையாமல் வாசித்தாள். நடுவர் ஹன்ராட்டி உதட்டைப் பிதுக்கினார்.

"வாசிப்பு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ரெண்டாம் பகுதியில ஒரு நிறுத்தம் உண்டு, அதை விட்டுட்டீங்க. இருநூறு வருஷத்து மெட்டு. நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது."

"அது நான் போட்ட மெட்டுங்க. மாட்டுக்கிட்ட உக்காந்து போட்டேன்."

"இந்த விழாவுல இப்படிச் சொல்ற ஏழாவது ஆளு நீங்க," என்றார் அவர், தலை நிமிராமல்.

கோப்பை போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. பெற்ற பிள்ளையை உன் பிள்ளையே இல்லை என்று சொன்ன மாதிரி வயிறு எரிந்தது. ஃபின்டனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருவில் நாற்பது பேர் கூடி அதே மெட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஜேம்ஸி உட்பட. இரண்டாம் பகுதி வந்தது. எல்லா வில்லும் ஒன்றாகத் துள்ளி நின்றன. நாற்பது பேரும் பயபக்தியோடு அவள் விக்கலை விக்கினார்கள்.

"அடியே, இது நான் மாவுல விழுந்ததுல்ல?" என்றான் ஃபின்டன்.

அவ்வளவுதான். கோபமெல்லாம் எங்கே போனதோ, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாசலுக்கு வந்த நடுவரும் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சுற்று. எல்லா வில்லும் நின்றன. அந்த இடைவெளியில், இம்மி பிசகாமல், டீலியா விக்கினாள்.

ஜேம்ஸி குழலை வாயிலிருந்து எடுத்தான். "ஐயா, நான் இவங்ககிட்டதான் இதைப் புடிச்சேன். விக்கலோட சேத்து."

ஹன்ராட்டி அவளையே பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். "சொல்லுங்கம்மா, மெட்டுக்கு என்ன பேர் போடலாம்?"

டீலியா வாயைத் திறந்தாள். விக்கல் விட்டால்தானே.