இரண்டிலிருந்து மூன்றுக்கு

ஒர்க்ஷாப்பில் அவருக்குக் குலுக்கல் என்று பெயர். கியர் மாறும்போது வண்டி இடிக்கிறது, இழுக்கிறது, தயங்குகிறது என்று யார் வந்து நின்றாலும், "குலுக்கல்கிட்ட விடுங்க, அவர் பார்த்துக்குவார்" என்று அனுப்பிவிடுவார்கள். வண்டி கழுவும் வேலைக்கு வந்தவர்தான். தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகள் பெருகி, பாதி வேலை கம்ப்யூட்டருக்குள் போனபோது மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இவர் லேப்டாப் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படியே அதுவே அவர் இடமாகிவிட்டது.

வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். வீட்டில் அவருக்கும் சேர்த்து மனைவி பேசிவிடுவாள். இடுப்பு எலும்பில் நோய் வந்த பிறகும் அவள் பேச்சு குறையவில்லை. நடைதான் குறைந்தது.

வாராவாரம் அவளை ஆஸ்பத்திரிக்குத் தன்னுடைய பழைய வண்டியில் அழைத்துப் போவார். பின்சீட்டில் இரண்டு தலையணைகளை அண்டக் கொடுத்து, ஒருக்களித்து உட்காரவைப்பார். அந்த வண்டியில் ஒரு கோளாறு உண்டு. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் இடத்தில் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஓர் அதிர்ச்சி. ஊரார் வண்டியையெல்லாம் சரிசெய்தவருக்குத் தன் வண்டியைப் பார்க்க நேரம் வாய்க்கவில்லை. ஒவ்வொரு உதைக்கும் பின்சீட்டிலிருந்து பல்லிடுக்கில் காற்றை இழுக்கும் சத்தம் வரும். அது அவர் முதுகில் விழும்.

போன தடவை டாக்டரம்மா அவரைத் தனியாக நிறுத்திக் கேட்டார். வலி கூடியிருக்கிறது என்கிறாள், வழியில் வண்டி ஆடுவதால் வருகிற வலியா, சும்மா இருக்கும்போதே வருகிறதா என்று. சும்மாவே வந்தால் மருந்து பிடிக்கவில்லை, நோய் மேலே ஏறுகிறது என்று அர்த்தமாம்.

"வண்டிதான் டாக்டர்" என்றார் அவர், கேள்வி முடிவதற்குள். "நான் சரி பண்ணிடறேன்."

வண்டி செய்த கம்பெனி, இஞ்சின் கம்ப்யூட்டருக்குப் புது சாஃப்ட்வேர் விட்டிருந்தது. கியர் மாறும் நொடியில் இஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் அடக்கிக் கொடுக்கும், உதை இருக்காது. ஃபோர்மேனிடம் கேட்டு, விடுமுறை நாளில் வண்டியை ஒர்க்ஷாப்புக்குள் ஏற்றினார். அங்கே எலெக்ட்ரீஷியனாக இருப்பவன் மனைவியின் தம்பி. அவனும் கூட வந்தான்.

பழையதை அழித்துப் புதியது ஏறும் நேரத்தில் பேட்டரி தளர்ந்தால் கம்ப்யூட்டர் செத்துப்போகும். மச்சினன் சார்ஜரை மாட்டினான். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும், அந்தச் சின்ன விளக்குக்குக்கூட மின்சாரம் போகக்கூடாது என்பதால், கதவுக் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டுவது அந்த ஒர்க்ஷாப்பின் வழக்கம். துணி கட்டிய வண்டியை முதலாளியே ஆனாலும் தொடமாட்டார். ஆளில்லாத அன்றும் அவர் நாலு கதவிலும் கட்டினார்.

திரையில் பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அக்கா வாய்க்கும் இப்படி ஒரு அப்டேட் இருந்தா போட்டுவிடுங்களேன்" என்றான் மச்சினன்.

"அதுக்குக் கம்பெனி இன்னும் விடல" என்றார். அவர் தமாஷ் பண்ணி அவன் கேட்டதே இல்லை. அன்றைக்கு அவ்வளவு நம்பிக்கையாக இருந்தார்.

கோடு முடிந்தது. கியர்பெட்டி புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டும் என்று, காலி ரோட்டில் மெதுவாக எடுப்பதும் நிறுத்துவதுமாக ஓட்டினார். மச்சினன் டீயை விளிம்புவரை ஊற்றிய தம்ளரை முன்பலகையில் வைத்துப் பிடித்துக்கொண்டான். இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு, மூன்று. ஒரு சொட்டு சிந்தவில்லை. அவன் கையை எடுத்துவிட்டான். அப்போதும் சிந்தவில்லை. ஆறிப்போன அந்த டீயை வண்டியை நிறுத்தி அவரே குடித்தார்.

ஆஸ்பத்திரி நாளன்று வழக்கம்போல் தலையணை வைத்து உட்காரவைத்துக் கிளம்பினார். தெருமுனை தாண்டி வேகம் எடுத்தது. உதை வந்திருக்க வேண்டிய இடம் நழுவிப்போனது. அவருக்கே சந்தேகமாக, நேராக ஓடும் ரோட்டில் ஒரே வேகத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

அவள் கண்ணை மூடியிருந்தாள். கதவின் மேலிருக்கும் பிடியை விரல் வெளுக்கப் பற்றியிருந்தாள். உதட்டைக் கடித்திருந்ததால் சத்தம் மட்டும்தான் வரவில்லை. வண்டி ஆடவே இல்லை. அவள் கை விடவே இல்லை.

கண்ணைத் திறந்தவள் கண்ணாடியில் அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வழுக்கிட்டுப் போகுதுங்க" என்றாள். "என் வாய்க்குத்தான் இன்னும் விடலையாமே. தம்பி சொன்னான்."

அவருக்குச் சிரிக்க வரவில்லை. அதன்பிறகு அவளும் பேசவில்லை.

அவளைப் பரிசோதித்து, வலி குறையவில்லை என்று தெரிந்ததும் டாக்டரம்மா மறக்காமல் கேட்டார். "வண்டியைச் சரி பண்ணிட்டீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். எத்தனையோ பேரிடம் சாவியை நீட்டிக்கொண்டே சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன வார்த்தைதான்.

"சரியாயிடுச்சு டாக்டர்."

டாக்டரம்மா எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த தடவை வரும்போது வீட்டில் வேறு யாராவது பெரியவர்கள் இருந்தால் கூட்டிவரச் சொன்னார்.

திரும்பும்போது ரோடு காலியாக இருந்தும் அவர் உருட்டிக்கொண்டே போனார். வண்டி மூன்றாவதுக்குப் போகவே இல்லை.

"வண்டி இன்னும் இடிக்குதுன்னே சொல்லியிருக்கலாம்ல நீங்க" என்றாள் அவள், பின்சீட்டிலிருந்து.

அவர் ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையைச் சீட்டுகளுக்கு நடுவே பின்னால் நீட்டினார். கதவுப் பிடியை விட்டு அவள் அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள். எவ்வளவு இறுக்கம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.