இரண்டு கையும் ஸ்டீரிங்கில் வைத்திருந்த செங்கோடன்

செய்தியைக் கொண்டுவந்தவர் கண்டக்டர் மாரப்பன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டி வாசலில் நின்றிருந்தேன். தூரத்திலிருந்தே கத்துகிற மனிதர், அன்று கிட்டே வந்து தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என்னப்பா, பஸ்ஸு மறுபடியும் காட்டுக்குள்ள எறங்கிருச்சா?" என்று சிரித்தேன்.

"பஸ்ஸு நல்லாத்தானுங்க இருக்குது. நம்ம டிரைவருதானுங்க, காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடக்கறாருங்க..." என்றார்.

என் தங்கை மகன் செங்கோடன், நாமக்கல்–சேலம் தடத்தில் பஸ் ஓட்டியவன், இருபத்துநான்கு வயதில் எட்டு நாள் காய்ச்சலில் போய்விட்டான். மாட்டுவண்டிக்கு, ஆட்டு மந்தைக்கு, வாத்துக்கூட்டத்துக்கு எல்லாம் ஒதுங்கி வழிவிட்டு ஓட்டியவன். இந்தக் காய்ச்சல் ஹாரன் அடிக்காமல், விளக்குப் போடாமல் எதிரே வந்தது. வைத்தியர் கையை விரித்தார். நான் வாயைத் திறந்தால் மூன்று ஜில்லாவுக்குக் கேட்கும் என்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

அவனோடு பயணம் செய்தவர்களுக்கும், அவனைத் திமிர் பிடித்தவன் என்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அவன் லைசென்ஸ் வாங்கிய அன்று, உலகத்தில் அதற்கு முன் எவனுமே மோட்டார் ஓட்டியதில்லை என்பதுபோல் எங்கள் ஊர் மல்லூரையே கூட்டிவிட்டேன். போகிற போக்கில் ஒரு வார்த்தையும் விட்டேன்: "லைசென்ஸ் வந்துருச்சுன்னு மாமனப் பாத்தும் பாக்காத மாதிரி போயிராத சாமி. ஊரே பாத்துட்டிருக்கும்."

நாலாம் நாள், ரோட்டோரப் புளியமரத்தடியில் பத்துப் பெரிய மனிதர்களோடு நான் நின்றிருக்க, பஸ் வந்தது. என்னைக் கண்டான். இரண்டு கையையும் எடுத்து, "கும்பிடறேனுங்க மாமா!" என்றான். பஸ்ஸும் என்னைக் கும்பிடக் கிளம்பியது. ரோட்டை விட்டிறங்கி நிலக்கடலைக் காட்டு வரப்பில் மூக்கைக் குத்தி நின்றது. உள்ளே இருந்த முப்பது பேர் முந்நூறு பேராய் அலறினார்கள். யாருக்கும் அடியில்லை. விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி, லைசென்ஸின் பின்பக்கம் ஏதோ எழுதிவிட்டு, "இன்னொரு தடவை நடந்தால் பிடுங்கிவிடுவேன்" என்றார்.

ஏன் நடந்தது என்று அவர் கேட்டபோது, செங்கோடன், "என் கவனக்குறைவுங்க" என்றான். பக்கத்தில்தான் நான் நின்றேன். மாகாணத்திலேயே பெரிய வாய், அன்று பூட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு கவர்னரே வந்து நின்றாலும் அவன் கை எழாது. "கை ஸ்டீரிங்ல இருக்கறப்ப நான் யாருக்கும் சொந்தக்காரன் இல்லீங்க மாமா. பஸ்ஸ நிறுத்தினதுக்கப்பறம் எத்தன கும்பிடு வேணும்னாலும் கேளுங்க, போடறேன்" என்பான். நிறுத்தத்தில் இறங்கிப் போடவும் செய்வான். ஆனால் ரோட்டோரம் நின்றவர்களுக்கு அது தெரியுமா? "பவுசு வந்துருச்சு" என்றார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ராசிபுரத்துப் பக்கம் ஒரு பெண் பார்த்தேன். மாப்பிள்ளையைப் பார்க்க அவள் தகப்பனார் வருவதாகச் சொன்னார். பெருமையடிக்க வேண்டுமே, பஸ் வரும் நேரத்துக்கு அதே புளியமரத்தடிக்கு வரச் சொன்னேன். முதல் நாளே செங்கோடனிடம் கெஞ்சினேன்: "ஒத்தக் கையாவது தூக்கு மாப்பிள்ள."

"ஒத்தக் கையில கும்பிட்டா அவருக்கு அவமானமுங்க. ரெண்டு கையும் எடுத்தா லைசென்ஸ் போயிருமுங்க. அது போச்சுன்னா அவரு புள்ளைக்கு எப்பிடிங்க சோறு போடறது?"

பஸ் வந்தது, போனது. தகப்பனார் மேல் புழுதிதான் விழுந்தது. "தலையாட்டக்கூட இல்லீங்களே!" என்றார். சாயங்காலம் செங்கோடன் சைக்கிளில் அவர் ஊருக்குப் போய், வாசலில் நின்று இரு கையும் கூப்பினான். "ரோட்டுல இல்லாத மரியாத ஊட்டுல எதுக்குங்க தம்பி?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். காரணம் இன்னதென்று நான் ஒருநாள் நடந்து போய்ச் சொல்லியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்கும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். தை மாதம் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். செங்கோடன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், தங்கை அந்த லைசென்ஸை என் கையில் கொடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"பின்னால என்னமோ எழுதியிருக்குதாமே, அண்ணா. எம்மகன் என்ன தப்புப் பண்ணினான்னு போட்டிருக்குது?"

அதிகாரி கிறுக்கியிருந்தது ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே, அப்புறம் அவன் ஓட்டிய மூன்று வருஷத்துக்கும் வெறும் காகிதம்.

"மாமன் பண்ணின தப்புன்னு போட்டிருக்குது, அம்மிணி" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

லைசென்ஸைச் சர்க்காரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம், கொடுத்துவிடுவேன். அதில் இல்லாமல் நான் வாசித்த அந்த வரியை மட்டும் யாரும் கேட்கப்போவதில்லை. அது என்னிடமே இருக்கும்.