ராஜவேலுவைக் கண்டு ஓடிய நாய்

காஞ்சிபுரத்து நாய்களுக்கெல்லாம் ராஜவேலுவைத் தெரியும். மனிதர்களில் பாதிப் பேருக்கு அவன் பெயர் தெரியாது. நாய்வண்டிக்காரன் என்றால்தான் தெரியும்.

அவன் மாகறல்காரன். அப்பன் கண்ணாயிரம் அங்கே கூலிக்கு ஏர் ஓட்டியவர். தாய் பூவம்மாள் தென்னேரிப் பக்கம் பிறந்தவள். அவளோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். மூத்த அண்ணன் நகராட்சியில் குப்பை வண்டி ஓட்டினார். அந்தத் தாய்மாமன்தான் ராஜவேலுவைப் பதினெட்டு வயதில் கூட்டி வந்து வேலையில் சேர்த்தார். தன் கடைசி மகள் செல்லியம்மாளையும் அவனுக்கே கட்டிக்கொடுத்தார். முதலில் சாக்கடை, பிறகு குப்பை. தெருநாய் பிடிக்கும் நாய்வண்டி ஓட்டிய கிழவர் காலமான வருஷம் அந்த வண்டிக்கு வர ஒருவனும் ஒப்பவில்லை. ராஜவேலு ஒப்பினான். மூங்கில் கழியின் முனையில் கம்பிச் சுருக்கு, வலைக்கம்பி அடித்த தள்ளுவண்டி, காக்கிச் சட்டை. அவ்வளவுதான் அவன் சொத்து.

அன்றிலிருந்து அவன் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், நாய்கள் வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு சந்து சந்தாய் ஓடும். தூரத்தில் நின்று குரைக்கும். வண்டி இல்லாமல், வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசிப் போனாலும் அதே கதைதான். செல்லியம்மாள் திருவிழாவுக்குப் போனால்கூட அவனுக்குப் பத்தடி தள்ளித்தான் நடப்பாள்.

"உன்கூட வந்தா ஊரே ஒரு பக்கம் குலைக்குது. பாக்கிறவங்க என்னையும் திருடின்னு நெனைச்சுப்பாங்க" என்பாள்.

அவன் சிரித்துக்கொள்வான். உள்ளே கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். நாய் என்றால் அவனுக்குப் பிரியம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பதினோரு வருஷத்தில் ஆயிரம் நாய்க்கு மேல் பிடித்திருக்கிறான். அவற்றில் நிஜமாகவே வெறி கொண்டவை நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் எப்படிப் பார்த்தது, எப்படி நடந்தது என்பது அவன் மனசில் அப்படியே இருந்தது. அவனிடம் அதைக் கேட்க ஆள்தான் இல்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் வைகாசியில், கருட சேவை முடிந்து நாலைந்து நாள் இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் தெருவிலிருந்து ஆள் ஓடி வந்தது. கலியாணசுந்தரம் வீட்டு நாய்க்கு வெறி பிடித்துவிட்டது, அவர் மகளையே கடித்துவிட்டது, உடனே வா என்றார்கள்.

கலியாணசுந்தரம் இரண்டு தறி வைத்திருந்தவர். மனைவி வடிவாம்பாள் இழை பிணைப்பதில் கெட்டிக்காரி. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு இழை தீரும்போது, பழைய பாவின் முனையோடு புதிய பாவை ஒவ்வோர் இழையாகக் கோத்து முறுக்குவதற்கு மூன்று தெருவிலிருந்து அவளைக் கூப்பிடுவார்கள். ஒரே மகள் தேவகியை ஆரணியில் கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த நாய் அவள் வளர்த்தது. காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும், ஜமாபந்திக்கு வந்த தாசில்தார் மாதிரி. அதனால் தெருவே அதற்குத் தாசில் என்று பெயர் வைத்திருந்தது.

அந்தத் தாசில் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாய்த் தொங்கியது. தலையை உதறும், சுவரில் முகத்தைத் தேய்க்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் போய் மூக்கை வைக்கும், உடனே துள்ளிப் பின்னால் வரும். தண்ணீருக்குப் பயப்படுகிறது என்றால் அது எந்த நோய் என்று எல்லோருக்கும் தெரியும். தேவகிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அன்று காலை தயிர்ச்சோற்றைப் பிசைந்து கையாலேயே அதன் வாய்க்குள் வைக்கப் போனாள். பல் விரலில் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினார், நாயைப் பற்றிக் கேட்டார், கேட்டதும் முகம் மாறியது. நாளைக் காலை எட்டு மணிக்கு முதல் ஊசி, தொப்புளைச் சுற்றிப் பதினாலு நாளைக்குப் பதினாலு ஊசி என்று எழுதினார். வடிவாம்பாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வயிற்றுக்குள் பிள்ளை இருக்கும்போது வயிற்றிலேயா ஊசி? பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, ஊசி போடாவிட்டால்தான் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நாய்க்கு வெறி இல்லை என்று தோன்றினால் பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம், ஆனால் இந்த நாய்க்கு எல்லா அடையாளமும் இருக்கிறதே என்றார்.

தேவகி அழவில்லை. வீட்டுக்கு வந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

ராஜவேலு போய்ச் சேர்ந்தபோது நகராட்சியின் சுகாதார இன்ஸ்பெக்டர் முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். தெருக் கோடியில், பாவு நீட்டுவதற்காக நட்டிருந்த கட்டைகளுக்குப் பக்கத்தில், பத்துப் பேர் கழியோடு நாயை வளைத்திருந்தார்கள். முன்னால் நின்றவன் எதிர்வீட்டுத் தர்மன். அவன் ஏற்கெனவே இரண்டு அடி போட்டிருந்தான்.

"சுருக்கப் போட்டு இங்கேயே முடிச்சுடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

ராஜவேலு கழியைத் தூக்கிக்கொண்டு நாலடி வைத்தான். தாசில் அவனைப் பார்த்தது. பார்த்ததும் அதன் காது பின்னால் படுத்தது, வால் உள்ளே போனது. அடித்தானே தர்மன், அவன் காலுக்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டது. தர்மன் பயத்தில் கழியைக் கீழே போட்டுவிட்டு எகிறிக் குதித்தான்.

ராஜவேலு நின்றுவிட்டான்.

அவன் பார்த்த வெறிநாய் ஒன்றுகூட அவனைக் கண்டு ஓடியதில்லை. அதற்கு எஜமான் யார், எதிரி யார் என்று தெரியாது. சுருக்குக் கம்பிக்கு நேராகவே நடந்து வரும், கம்பியையே கடிக்கும். இது ஒளிகிறது. ஒளிய இடம் தேடுகிறது.

ஒரு தரம் பார்த்தது போதாது என்று நினைத்தான். வண்டியில் அவனுக்குத் துணையாகத் தேவசகாயம் என்று ஒருவன் வேலைக்குச் சேர்ந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது; நாய்களுக்கு இன்னும் அவனைப் பழக்கமில்லை. கழியை அவன் கையில் கொடுத்து, தான் தூரத்தில் ஒதுங்கி நின்றுகொண்டு, நாயின் அருகே போய் வரச் சொன்னான். தேவசகாயம் சிலுவை போட்டுக்கொண்டு போனான். தாசில் அவனைச் சும்மா பார்த்தது, நகரவில்லை. பிறகு ராஜவேலு வெறுங்கையோடு பின்தெருவைச் சுற்றி மறுகோடியிலிருந்து வந்தான். அவன் தலை தெரிந்த கணமே நாய் எழுந்து, எச்சில் ஒழுக ஒழுக எதிர்ப்பக்கமாக ஓடிப்போய் வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டது.

"இன்னாபா, கண்ணாமூச்சி ஆடிக்கினு இருக்கிறியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ராஜவேலு அவர் எதிரில் அதுவரை இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினதில்லை. அன்றைக்குப் பேசினான்.

"ஐயா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இத்த நான் ஒரு தரம் புடிச்சேன். தேவகியம்மா வந்து அழுது மீட்டுக்கினு போனாங்க. அந்த ஒரு நாளு கூண்டுல இருந்தத இது மறக்கல. வெறி புடிச்ச நாய்க்கு நான் யாருன்னு தெரியாதுங்க. இதுக்கு நல்லாத் தெரியுது."

கூட்டம் சிரித்தது. அப்படியானால் எச்சில் ஏன், தண்ணீருக்குப் பயம் ஏன் என்று தர்மன் கேட்டான். நியாயமான கேள்விதான். ராஜவேலு அதற்கு இன்னும் பதில் தெரியாது என்றான். ஆனால் கொன்றுவிட்டால் எதுவுமே தெரியாமல் போய்விடும், அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பதினாலு ஊசி நிச்சயமாகிவிடும் என்றான். செத்த நாய் சாட்சி சொல்லாது. சாயங்காலம் வரைக்கும் விடுங்கள், தவறினால் என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி வரை என்றார்.

சுருக்கை மெதுவாகப் போட்டுத் தாசிலைப் பாவுக் கட்டையில் கட்டினான். தான் கண்ணில் படாவிட்டால்தான் அது நிம்மதியாய் இருக்கும் என்று தெரிந்து, பத்தடி தள்ளித் தேவசகாயத்தை உட்காரவைத்து, தான் ஒரு வீட்டுச் சுவரோரம் மறைந்து நின்று பார்த்தான். ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தான்.

தாசில் தண்ணீரைத் தேடித்தான் போனது. வாயை உள்ளே வைத்தது, இருமிக்கொண்டு பின்வாங்கியது, மறுபடி போனது. ஐந்து தரம் போனது. பயந்தது ஐந்து தரம் போகுமா? சில வெறிநாய்க்குக் கீழ்த்தாடை செத்துத் தொங்கும், அதையும் பார்த்தான். இல்லை, இது வாயை மூடித் திறக்கிறது. அப்புறம்தான் கண்ணில் பட்டது: நாய் நாக்கால் தண்ணீர் குடிக்கும் பிராணி. இதன் நாக்கு பல்லைத் தாண்டி வெளியே வரவே இல்லை. யாரோ உள்ளே பிடித்து இழுத்து வைத்திருக்கிற மாதிரி இருந்தது.

நேரே கலியாணசுந்தரம் வீட்டு வாசலுக்குப் போனான். அந்த வீட்டுப் படியில் அவன் அதுவரை நின்றதில்லை. கீழே நின்றபடியே, நாக்கை உள்ளே ஏதோ கட்டிப் பிடித்திருக்கிறது, முந்தாநாள் இந்த நாய் எதையாவது தின்றதா என்று கேட்டான். ஒன்றும் இல்லையே என்றார் கலியாணசுந்தரம். முந்தாநாள் விடியலில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டோம், வழக்கம்போலக் கீழே சொட்டின கஞ்சியை நக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் என்றார். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வடிவாம்பாள் மெதுவாய்ச் சொன்னாள்.

"அன்னிக்கு ஒரு பிடி எழை அறுந்துபோச்சி. கஞ்சியோட சுருட்டிக் காயட்டும்னு ஜன்னல்ல வெச்சேன். காணல. காக்கா தூக்கிக்கினு போச்சின்னு நெனைச்சேன்."

கஞ்சி ஊறிய அந்த இழையைத் தின்றது யார் என்று மேற்கொண்டு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. வடிவாம்பாள் தறியில் செருகியிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். கணவர் தடுத்தார். அவள் நிற்கவில்லை.

ராஜவேலு தன் கையிலும் அவள் கையிலும் தடித்த சாக்கைச் சுற்றினான். அவளுக்கு விரல் நுனிகளை மட்டும் விட்டான். நாயைத் தொடைக்கு நடுவில் அழுத்தி, கடைவாயில் ஒரு மூங்கில் துண்டைக் குறுக்கே கொடுத்து வாயைத் திறந்தான். தாசில் அவனைப் பார்த்த பார்வையில் உயிரே இல்லை. வடிவாம்பாள் குனிந்து, நாக்கைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். அடியில், சதைக்குள் பாதி புதைந்து, அரக்குச் சிவப்பில் ஓர் இழைக் கற்றை நாக்கின் வேரைச் சுற்றிக் கிடந்தது. இரண்டு முனையும் தொண்டைக்குள் இறங்கியிருந்தன. ரத்தத்தின் நிறமும் அதன் நிறமும் ஒன்று. வேறு யார் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தன் பாவின் நிறம் தெரியாதா?

இழுத்துவிடுங்கள் என்று பின்னாலிருந்து தர்மன் சொன்னான்.

"முறுக்கின பட்டு, தர்மா. இழுத்தா தொண்டைய அறுத்துடும். நீ சும்மா இரு" என்றாள் வடிவாம்பாள்.

விரல் நுனியால் சதையை ஒதுக்கி, கற்றையின் அடியில் கத்தரிக்கோலின் முனையை நுழைத்தாள். ஒரே வெட்டு. இழை தளர்ந்தது. மற்ற நாளில் ஒரு முனை கிடைத்தால் விடமாட்டாள். அன்று தளர்ந்து தொங்கிய துண்டை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு முனைகளை உள்ளேயே விட்டுவிட்டாள். ராஜவேலு மூங்கில் துண்டை எடுத்துவிட்டு விலகினான்.

தாசில் கொஞ்ச நேரம் வாயை வெறுமனே மூடி மூடித் திறந்தது. நாக்கு மெல்ல வெளியே வந்து மூக்கைத் தொட்டது. பிறகு மண்சட்டியில் தலையைக் கவிழ்த்தது. சளக் சளக் என்று அது குடிக்கிற சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. சட்டி காலியானதும் கலியாணசுந்தரம் தாமே உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். மணி நாலரை.

ராஜவேலு வடிவாம்பாளைக் கார்பாலிக் சோப்பால் இரண்டு தரம் கை கழுவ வைத்தான், தானும் கழுவினான். வெட்டின இழைத் துண்டை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு கலியாணசுந்தரமும் அவனும் இன்ஸ்பெக்டரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா இழையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். அவன் மூன்று தரம் நாயைச் சோதித்த கதையை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். நாளைய ஊசியை நிறுத்திவைத்தார். ஆனால் பத்து நாளும் நாயைக் கட்டிவைத்துத் தினம் வந்து சொல்லவேண்டும், நாய் ஒரு நாள் சோர்ந்தாலும் அன்றே ஊசி என்றார்.

பத்து நாளும் தினம் இரண்டு தரம் ராஜவேலு பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தான். வடிவாம்பாள் நெய் விட்டுக் கஞ்சி ஊற்றினாள். மூன்றாம் நாள் காலை மிச்ச இழையும் வெளியே வந்தது, அரக்குச் சிவப்பு கொஞ்சமும் வெளுக்காமல். சாயம் போட்டவன் கைராசிக்காரன் என்று தர்மன் சொல்ல, தெருவே அன்றைக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தது. ஆறாம் நாள் தாசில் கயிற்றை அறுத்துக்கொண்டு இரண்டு வீட்டு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

பதினோராம் நாள் காலை டாக்டரம்மா சீட்டில் தேவகியின் பெயரைக் கோடிட்டு அடித்தார். ஊசி வேண்டாம்.

அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு ராஜவேலு அந்தத் தெருவின் நட்ட நடுவில் நடந்து வந்தான். வாசலுக்கு வாசல் ஆட்கள் எழுந்து, என்னாச்சு ராஜவேலு, என்னாச்சுப்பா என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். அவன் நிற்காமல் நடந்தான். முதலில் சொல்லவேண்டியவள் ஒருத்தி இருந்தாள். கலியாணசுந்தரம் வீட்டு வாசலில் தேவகி நின்றிருந்தாள். சீட்டை அவள் கையிலேயே கொடுத்தான். அவள் படித்தாள், மறுபடி படித்தாள். பத்து நாளாக அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"உள்ள வாங்கண்ணா" என்றாள். "வந்து ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போங்க."

ராஜவேலு காலைக் கழுவிக்கொண்டு படியேறினான்.