தாரணி ஒருவரையும் உதைக்கமாட்டாள்

ஜெயந்தினி இறந்த செய்தியை அவருடைய தம்பிதான் எனக்குச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை, நீர்வேலியில் எங்கள் வீட்டு வாசற்படியில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா, தர்சினியக்கா. இப்பத்தான்," என்றார். "ஓம்" என்றேன். கைபேசியை வைத்துவிட்டு மற்றச் சப்பாத்தையும் போட்டேன். எங்கே போவதற்கென்று தெரியாமலே வார்களை இறுக்கிக் கட்டினேன்.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலர் அவரோடு வலைப்பந்து விளையாடியவர்கள். சிலர் கோப்பாய்த் தேவாலயத்தில் அவரோடு சேர்ந்து பாடியவர்கள். நான் அறிந்த ஜெயந்தினி, கொக்குவிலில் றெயில் பாதைக்குக் கிட்ட உள்ள ஒரு மதில் வீட்டில், எட்டு வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர். எங்கள் கந்தோரான அந்த வீட்டில் நாங்கள் ஆறு பேர் கைபேசி கேம்கள் செய்கிறோம். நான் நிரல் எழுதுகிறவள். அவர் உருவங்களை அசைய வைக்கிறவர். இருவருக்கும் ஒரே வயது. ஒருவரையொருவர் "நீர்" என்றுதான் கடைசிவரை கதைத்தோம்.

எங்கள் வலைப்பந்து கேமின் நாயகி தாரணியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரட்டைப் பின்னல், நீலப் பாவாடை, தடுப்பு ஆட்டக்காரி. இரண்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டு நிறுவனமொன்று அவளைக் கேட்டு எழுதியது. பல கேம்களின் நாயகர்கள் ஒரே மேடையில் மோதும் சண்டை கேம் ஒன்றை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். வாள்வீரன், மந்திரவாதி, இயந்திர மனிதன் எல்லோரும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார்கள். தாரணியும் வரலாம், அவளுடைய மூவ்செட்டை, அதாவது எந்தப் பொத்தானுக்கு அவள் என்ன செய்வாள் என்ற முழுத் தொகுப்பை, நாங்களே அமைத்து அனுப்பவேண்டும். எங்கள் முதலாளி குகன் அண்ணை அன்று எல்லோருக்கும் றோல்ஸ் வாங்கித் தந்தார்.

நான் இரண்டே நாளில் ஒரு பட்டியல் எழுதினேன். பறந்து உதைப்பாள், முழங்கையால் இடிப்பாள், பந்தைச் சுழற்றித் தலையில் அடிப்பாள். ஜெயந்தினி அதை முழுக்க வாசித்தார்.

"தர்சினி, நீர் எப்பவாவது வலைப்பந்து விளையாடினனீரோ?"

"இல்லை. பாத்திருக்கிறன்."

"அதில ஒருத்தியைத் தொட்டாலே பிழை. பந்து கையில இருந்தால் நடக்க ஏலாது. மூண்டு செக்கனுக்குள்ள எறிஞ்சு போடோணும். இந்த மூண்டையும் விட்டிட்டு அவள் சண்டை பிடிச்சால், அவள் தாரணியில்லை. பாவாடை போட்ட வேற ஆரோ."

"இந்த மூண்டையும் வைச்சுக்கொண்டு எப்பிடியப்பா அடிக்கிறது?"

"அதைத்தானே நாங்கள் யோசிக்கோணும்," என்றார். சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு.

அடுத்த நாள் ஒரு பழைய பந்தோடு வந்தார். கந்தோர் முற்றத்தில் நான் கைபேசியைப் பிடித்து நிற்க, அவர் பாய்ந்து பந்தைப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கி, அந்தக் காலை எடுக்காமலே திரும்பி எறிந்து காட்டினார். இருபது வயதில் முழங்கால் சவ்வு கிழிந்து திடலை விட்டவர் அவர். போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்த காலத்தில், பூவரசில் கட்டிய சைக்கிள் ரிம்முக்குள் எறிந்து பழகியவர். முப்பதுக்கு மேற்பட்ட தடவை பாய்ந்தார். ஒருமுறை பந்து என் தோளில் பட்டபோது, "என்ரை கண்ணைப் பாராதேயும், இடுப்பைப் பாரும். கண் ஏமாத்தும், இடுப்பு ஏமாத்தாது," என்றார். மறுநாள் நொண்டிக்கொண்டுதான் வேலைக்கு வந்தார். கேட்டதற்கு, "நல்லா இருந்துது," என்றார். அவர் சொன்னது முழங்காலைப் பற்றியல்ல, பாய்ந்ததைப் பற்றி.

முதல் தொகுப்பை அனுப்பினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. எதிரி கிட்ட வந்தால் தாரணியிடம் ஒன்றுமில்லை. பலமான அடி ஒன்றாவது வேண்டும். இல்லாவிட்டால் அவளைச் சேர்க்க முடியாது. குகன் அண்ணை என்னைக் கூப்பிட்டு, "ஒரு உதையை மட்டும் போட்டு விடும் பிள்ளை, அவவிட்டைப் பிறகு சொல்லுவம்," என்றார். நானும் செய்தேன். புதிதாக வரையத் தெரியாததால், ஜெயந்தினியின் பாய்ச்சலையே எடுத்து, இறங்குமுன் காலை நீட்டி உதையாக்கினேன்.

மறுநாளே அவர் கண்டுவிட்டார். திரையில் அதை மூன்று தரம் ஓடவிட்டுப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"அது என்ரை கால், தர்சினி."

"அவையள் கேட்டவை..."

"நீர் என்னைக் கேட்டிருக்கலாம்."

அதன்பிறகு ஒன்பது நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. பிந்தி வந்தார், வேலை முடியமுன் வெள்ளெனப் போனார். கோபம் என்றே நினைத்தேன். எனக்கும் ஒரு வீம்பு, நானும் கதைக்கவில்லை. அந்த நாட்களில் அவர் பரிசோதனைகளுக்காக ஆஸ்பத்திரிக்குத் தனியாக அலைந்துகொண்டிருந்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அந்த ஒன்பது நாட்களை எனக்குத் திருப்பித் தர ஒருவரும் இல்லை.

பத்தாம் நாள் நேரத்தோடு வந்தார். அந்த நிறுவனம் அனுப்பியிருந்த சோதனைப் பதிப்பில், குகன் அண்ணையை இயந்திர மனிதனை எடுத்து விளையாடச் சொன்னார். தான் தாரணியை எடுத்தார். உதையை நீக்கி, அதன் இடத்தில் ஒற்றைக் காலில் ஒதுங்கித் திரும்பும் ஓர் அசைவை வீட்டிலிருந்தே செய்துகொண்டு வந்திருந்தார். இயந்திர மனிதன் குண்டு எறிந்தால் தாரணி பாய்ந்து அதைப் பந்துபோலப் பிடித்தாள். மூன்று செக்கனுக்குள் திருப்பி எறிந்தாள். பிந்தினால் அது அவள் கையிலேயே வெடிக்கும். அவன் கிட்ட ஓடிவந்தால் அவள் விலகினாள். ஓடிவந்த வேகத்திலேயே அவன் மேடையின் ஓரம் தாண்டி விழுந்தான். மூன்று ஆட்டமும் குகன் அண்ணை தோற்றார். தாரணியின் கை ஒருமுறைகூட அவன்மேல் படவில்லை.

"இது உதை வாங்கிறதை விடக் கேவலமாயெல்லோ இருக்கு," என்றார் குகன் அண்ணை. தோற்ற ஆளின் குரல் அது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்போடு எங்கள் கதை பழையபடி தொடங்கியது. அதைத்தான் அனுப்பினோம். இந்த முறை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பதில் வந்த அன்று பின்னேரம்தான், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, தன் நோயைப் பற்றிச் சொன்னார்.

இந்த வருடம் முழுக்க நான்தான் கோப்பாயில் அவருடைய வீட்டுக்குப் போய்வந்தேன். மடிக்கணினியை அவர் கட்டிலில் வைத்துத் தாரணியை ஓடவிடுவேன். ஒருநாள் வெற்றிக் காட்சியைக் காட்டினேன். தாரணி கையை உயர்த்தித் துள்ளினாள். ஜெயந்தினி தலையாட்டினார்.

"வெண்டாப் பிறகு போய்க் கை குடுக்கோணும்."

"எதிரி விழுந்து கிடக்கிறானே?"

"அப்ப குனிஞ்சு குடுக்கட்டும்."

அதை மாற்ற எனக்கு நான்கு நாள் எடுத்தது. கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணை மூடிக் கிடந்தவர் திறந்து பார்த்தார். "இன்னொருக்கா," என்றார். போட்டேன். "இன்னொருக்கா." எத்தனை தடவை போட்டேன் என்று நினைவில்லை. கேம் வெளிவர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்கு அவர் இருக்கவில்லை.

போன கிழமை அதே நிறுவனம் இன்னொரு வேலை தந்தது. மீனவன் ஒருவனை மேடையில் ஏற்றவேண்டும். தாரணியின் அசைவுகளையே மாற்றிப் போட்டால் போதும் என்றார்கள். "ஏலாது," என்றேன். எனக்குள் இப்படி ஒரு "ஏலாது" முன்பு இருந்ததில்லை. குருநகருக்குப் போய், வலை வீசும் ஒருவரிடம் எறிந்து காட்டும்படி கேட்டேன். முதலில் விசரி என்று நினைத்திருப்பார். பிறகு ஒரு மணித்தியாலம் காட்டினார். வலை கையால் போவதில்லை, முதுகால் போகிறது என்றார். என்னையும் எறியவைத்தார். என் வலை விரியாமல் ஒரு பொட்டலமாய்த் தண்ணீரில் விழுந்தது. கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

இப்படிப் போய்க் கேட்கும் வெட்கமின்மைதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதை நான் வைத்திருப்பேன். ஆனால் அன்று பின்னேரம் நனைந்த பாவாடையோடு பஸ்ஸில் வரும்போது, சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. முதுகைப் பற்றி, அந்தப் பொட்டலத்தைப் பற்றி. கோப்பாய்ச் சந்தியில் பஸ் நின்றது. நான் எழுந்து வாசல்வரை போய்விட்டேன்.

"இறங்கிறியளோ அக்கா?" என்று கேட்டார் கொண்டக்டர்.

"இல்லைத் தம்பி," என்றேன். "நான் நீர்வேலி."