ஈரோட்டுத் தமிழ் பேசிய சீனத்து மகாராஜா

எட்டு வயது வரை, என் அம்மாவுக்குச் சீன மொழி தெரியும் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்பது பிற்பாடு தெரிந்த சங்கதி.

சான் ஹோசேயில் நாங்கள் இருந்த அபார்ட்மென்டில் கேபிள் கிடையாது. ஆன்டெனாவில் புள்ளி விழாமல் தெரிந்தது ஒரு சீனச் சேனல் மட்டும்தான். ஸ்கூல் விட்டு நான் வந்ததும் இருவரும் கார்ப்பெட்டில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தபடி அந்த இளவரசி தொடரைப் பார்ப்போம். தூர தேசத்துக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் அவள். பனி பெய்யும் அரண்மனை, தரையைத் தொடும் சட்டைக் கைகள், தலையில் ஆடும் மணிகள். அம்மா அர்த்தம் சொல்லச் சொல்ல எங்கள் அறையே மெல்ல மிதந்து எங்கேயோ போகிற மாதிரி இருக்கும்.

மகாராஜா அச்சு அசல் ஈரோட்டுக்காரர் போலப் பேசுவார். மகளைப் பல்லக்கில் ஏற்றும்போது, "பாத்துப் போ அம்மிணி, போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார். அந்தக் காலத்தில் போன் ஏது என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவின் அப்பாவை எனக்கு போனில் வரும் இருமலாகத்தான் தெரியும். அந்த வருஷம் பொங்கல் கழிந்து ஈரோட்டில் அவர் இறந்துபோனார். கிரீன் கார்டு கைக்கு வரும் முன் நாட்டைவிட்டுப் போனால் எல்லாம் கெட்டுவிடும் என்று வக்கீல் சொன்னதால் அம்மா போகவில்லை. இரண்டு நாள் டிவி போடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அம்மாவின் கதையில் இளவரசி ஊருக்குக் கிளம்பிக்கொண்டே இருந்தாள். தினமும் ஏதாவது ஒரு தடை வந்துவிடும்.

தொடர் முடிவதற்குள் அப்பாவுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முதல் நாள், கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி முழுக் கதையையும் கேசட்டில் பார்த்துவிட்டார் என்று அம்மாவுக்குத் தெரிந்தது.

"கண்ணு, அவ ஊருக்குப் போய்ச் சேந்தாளான்னு ஆன்ட்டிகிட்டக் கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்பினாள்.

ஆன்ட்டியின் மகளிடம் புது ஸ்கேட்ஸ் இருந்தது. நான் போன காரியத்தைச் சுத்தமாக மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது அம்மா டிவி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாளா?"

"யா, ஷி வென்ட் ஹோம்" என்று கூசாமல் சொன்னேன்.

சுருட்டிய கை நின்றது. "அவங்கப்பா இருந்தாரா?"

"யா."

"வாசல்லயே நின்னுட்டிருந்தாரா? 'வந்துட்டியா அம்மிணி'ன்னாரா?"

கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். அம்மா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். திட்டு விழாமல் தப்பித்ததில் எனக்குப் பரம சந்தோஷம்.

மறுநாள் காரில், ஆளே இல்லாத பாலைவனத்து ஃப்ரீவேயில், பின்சீட்டில் நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அம்மா அப்பாவிடம் அந்த முடிவைச் சொல்லிக்கொண்டு வந்தாள். மகாராஜா வாசலிலேயே காத்திருந்தாராம். மகளைக் கண்டதும் இருமல்கூட நின்றுவிட்டதாம். முகம் கழுவ அவரே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம்.

நான் இவ்வளவெல்லாம் சொல்லவேயில்லையே என்று நினைத்தேன். எங்கே மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்பா ரோட்டைப் பார்த்தபடியே, ஒரு கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.