புகைக்கூண்டைப் படம் பிடித்த நாள்

எங்கள் வீட்டுப் படச்சுருளைப் பேரன் வீடியோ கேசட்டாக மாற்றிக் கொண்டுவந்திருக்கிறான். பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ஏன் இவங்க மரம் மாதிரி நிக்கிறாங்க? ஒரு பொண்ணு மட்டும் ஏன் குதிக்கிறா?" குதிப்பவள் நான்தான். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

முப்பதுகளில், இரணியல் பக்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் எடுத்த படம் அது. அம்மாவின் தம்பி, என் மாமா, இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தோட்டத்துத் துரை புதுக் கேமரா வாங்கியதும் பழையதை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். சாவி முறுக்கினால் ஓடும் சினிமாக் கேமரா. அந்தக் கிறிஸ்மசுக்கு மாமா அதைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். காரணம் நான். அதே தோட்டத்து ஃபாக்டரியில் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு என்னைப் பேசிக்கொண்டிருந்தார்கள். போட்டோ அனுப்புவதற்குப் பதில் படமாகவே காட்டிவிடலாம் என்பது மாமாவின் யோசனை.

எனக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. பெண்ணுக்கு வாய் நீளம், அடக்கம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். இவர் விஷயம் அப்படியில்லை. எந்திரம் நின்றுபோனால் சோறு தண்ணி இல்லாமல் அதன் பக்கத்திலேயே கிடப்பார் என்று மாமா சொன்னாரே, அப்போதே இந்த ஆள்தான் வேண்டும் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

கிறிஸ்மஸ் அன்று புகைக்கூண்டு விடுவது எங்கள் வீட்டு வழக்கம். கோட்டாற்றில் வாங்கிய பட்டத்தாளைக் கஞ்சிப்பசையால் ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெரிய பை செய்வோம். அடிவாயில் மூங்கில் வளையம், அதன் நடுவே எண்ணெயில் நனைத்த துணிப்பந்து. கீழே ஓலையை எரித்து அந்தச் சூட்டைப் பைக்குள் விட்டு, உப்பியதும் துணியைக் கொளுத்திக் கையை எடுத்தால் வானத்தில் ஏறும். பொழுது அடைந்து காற்று அடங்கிய பிறகுதான் விடுவோம். மாமாவுக்கோ வெயில் இல்லாமல் படம் விழாது. மத்தியானமே தீ மூட்டச் சொன்னார்.

புதுச்சேலையில் என்னை ஓரமாக நிறுத்திவிட்டு அம்மா சொன்னாள்: "ஏட்டி, தலையைக் குனிஞ்சிட்டு நில்லு. வாயத் திறந்தே, கொன்னுருவேன்."

வளையத்தை அப்பாவும் சித்தப்பாவும் பிடித்திருந்தார்கள். அண்ணன் மதில்மேல் நின்று கூண்டின் உச்சியைக் கம்பால் தூக்கிப் பிடித்திருந்தான். கேமரா கரகரவென்று ஓடத் தொடங்கியதுதான் தாமதம், எல்லாரும் விறைத்துவிட்டார்கள். நாகர்கோவில் ஸ்டுடியோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று பழகிய குடும்பம். அசைந்தால் முகம் கலங்கிப்போகும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே சட்டம். "அசையுங்க, இது அசையுற படம்" என்று மாமா கத்துகிறார். ஒருவரும் நம்பவில்லை. பாவம், எல்லாரும் நல்ல சட்டை போட்டிருந்தார்கள்.

அப்போது காற்று அடித்தது. கூண்டு சாய்ந்து, தாள் தீயை நோக்கி இறங்கியது. அப்பா அதைப் பார்த்தார். கண்ணால் மட்டும் பார்த்தார், கழுத்து திரும்பவில்லை. முதுகு ஒடிய உட்கார்ந்து நான் ஒட்டிய கூண்டு அது. எனக்கு வந்த ஆத்திரத்தில், வெப்ராளத்தில், கல்யாணமாவது மண்ணாங்கட்டியாவது! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். எரிகிற ஓலையைக் காலால் எற்றித் தள்ளினேன். அப்பாவை ஒரு இடி இடித்து விலக்கி, வளையத்தைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டு, "சவம் மாதிரி நிக்கியளே, பிடியுங்க" என்று அலறினேன். படத்தில் சத்தம் கிடையாது. கரி அப்பிய முகமும் பிளந்த வாயும் மட்டும் நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் சுருள் தீர்ந்துவிட்டது.

"அதைக் கடல்ல போட்டுருடா" என்று அம்மா தம்பியிடம் கெஞ்சினாள். எடுத்த படத்தை எறிய மாமாவுக்கு மனசு வரவில்லை, கொண்டுபோய்விட்டார். தோட்டத்தில் சுவரில் வேட்டியைக் கட்டி ஓட்டிக் காட்டினாராம். அப்புறம் மாதக்கணக்கில் அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. "நீயே குதிச்சுக் கெடுத்துக்கிட்டே" என்று அம்மா நாள்தோறும் சொன்னாள். கூண்டுக்காக ஓடியதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. ஆனாலும் ஆசைப்பட்ட ஆள் கை நழுவிப்போனாரே என்று கிணற்றடியில் நின்று அழுதேன்.

ஈஸ்டர் கழிந்து ஒரு நாள், மாமா அவரையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அம்மா என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்து, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா நாற்காலியைக் காட்டினார். வந்தவர் உட்காரவில்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

"படம் பாதியில முடிஞ்சுபோச்சு மாமா. அந்தக் கூண்டு அப்புறம் மேல போச்சா?"

அப்பா தொண்டையைச் செருமினார். "அது... சும்மா பிள்ளைகள் விளையாட்டு" என்று இழுத்தார்.

நான் அம்மாவின் கையை உதறிவிட்டு வெளியே வந்தேன். "போச்சு," என்றேன். "வேளிமலைக்கு மேல போய் மறையுற வரைக்கும் பாத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். "மாசக்கணக்கா எனக்கு இதே நினைப்பு" என்றார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.